இருபத்தேழு டிகிரியின் சௌகரியம்

பதினொன்றாம் வகுப்பு வேதியியலின் வாயுக் கணக்குகளில் வெப்பநிலை பெரும்பாலும் 27 டிகிரி செல்சியஸாகத்தான் இருக்கும். கொஞ்சம் சூடேற்றச் சொன்னால் 127, இன்னும் ஏற்றினால் 227. இயற்கையில் இந்த எண்களுக்குத் தனிச்சிறப்பு ஏதும் கிடையாது. 273ஐக் கூட்டினால் 300, 400, 500 என்று முழு எண்ணாக வந்து விழும் என்பதே இவற்றின் தகுதி. அழுத்தம் ஒரு வளிமண்டலம், கலன் பத்து லிட்டர், வாயு நல்லியல்பு வாயு. எதைக் கணக்கில் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்ற தீர்மானங்கள் மாணவர் பேனாவை எடுக்கும் முன்பே முடிந்துபோயிருக்கின்றன; அவர் கைக்கு வருவது பெருக்கலும் வகுத்தலும்தான். விடையும் சரியாக வந்துவிடுகிறது. அந்தச் சரியில்தான் ஒரு நெருடல் இருக்கிறது. தள்ளியது எது, தள்ளலாம் என்று சொன்னது யார், எந்த இடத்தில் தள்ளக் கூடாது என்ற கேள்விகள் விடையோடு சேர்ந்து வருவதில்லை. வேதியியல் கணக்கின் வேதியியல் பகுதி அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது என்று சொல்ல இடமுண்டு.

திருச்சிக்கு வடக்கே துறையூரைத் தாண்டி, சோபனபுரத்திலிருந்து வளைந்து ஏறும் பச்சைமலைச் சாலையில் இந்தக் கேள்விகளுக்கு ஓர் உருவம் கிடைக்கிறது. மலை ஆயிரம் மீட்டரை ஒட்டி உயர்கிறது. திருச்சி நகரமோ கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் கீழே. டாப் செங்காட்டுப்பட்டிப் பக்கம் பகலில் 27 டிகிரி என்பது பாடநூலின் சௌகரியமாக மட்டும் இருக்காது, உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் அங்கே அழுத்தம் ஒரு வளிமண்டலம் இல்லை. 900 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 0.90 வளிமண்டலம், பாதரச அளவில் 685 மில்லிமீட்டருக்கு அருகே. கீழே திருச்சியில் அழுத்தம் பாடநூலோடு ஒத்துப்போகும், மே மாத வெப்பநிலை ஒத்துப்போகாது. பாடநூலின் இரண்டு எண்களும் ஒரே சமயத்தில் மெய்யாக இருக்கும் இடம் மே மாதப் பகலில் இந்த மாவட்டத்தில் அனேகமாகக் கிடைக்காது. இதைப் பாடநூலின் பிழை என்று சொன்னால் அவசரத் தீர்ப்பாகிவிடும். திட்ட வெப்ப அழுத்த நிலையின் பூஜ்ய டிகிரிக் குளிர் திருச்சிக்கு வந்ததே இல்லை. வர வேண்டியதும் இல்லை. அது ஓர் ஊரின் நிலை அல்ல, ஊருக்குப் பொதுவாக ஒரு மரக்கால் வைத்துக்கொண்டு எல்லார் நெல்லையும் அதில் அளப்பது போன்ற ஏற்பாடு. 1982இல் அந்த மரக்காலையே சற்று மாற்றினார்கள். பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் அழுத்தத்தை ஒரு பார் என்று வைத்ததும் 22.4 லிட்டர் 22.7 லிட்டராயிற்று. வாயு மாறவில்லை. இன்றும் சில தேர்வுகளில் இரண்டு எண்களும் அடுத்தடுத்த விருப்ப விடைகளாக நின்று பிள்ளைகளைக் குழப்புகின்றன. இதில் சோதிக்கப்படுவது எந்தப் பதிப்பைப் படித்தார்கள் என்பது மட்டுமே.

மோலார் பருமனை இந்த இரண்டு இடங்களுக்கும் போட்டுப் பார்த்தால் ஊகம் பொய்க்கிறது. மே மாதத் திருச்சியில் 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். ஒரு மோல் வாயு 22.4ஐ 313ஆல் பெருக்கி 273ஆல் வகுத்த அளவு, 25.7 லிட்டர். மலையில் 22 டிகிரி மாலை வேளையில் வெப்பநிலை 295 கெல்வின், அழுத்தம் 0.90, விடை 26.9 லிட்டர். குளிர்ந்த இடத்தில் வாயு சுருங்கும் என்று சார்லஸ் விதியை மட்டும் பிடித்துக்கொண்டவர் எதிர்த்திசையில் எழுதுவார். குளிர் ஆறு சதவீதம் சுருக்குகிறது; குறைந்த அழுத்தம் பதினொரு சதவீதம் விரிக்கிறது. துறையூரில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலையுச்சியில் உப்பி நிற்பதற்குக் காரணம் இந்த இழுபறியில் பாயில் விதி வென்றதுதான். கணக்கில் ஒரு விதிக்கு ஒரு பயிற்சி என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தால், இரண்டு மாற்றங்கள் எதிரெதிராக இழுக்கும் நிலைமையைப் பலர் கடைசிவரை சந்திப்பதே இல்லை. கெல்வினை மறந்துவிடும் பழைய தவறும் இங்கேதான் வெளிப்படுகிறது. ஜனவரி விடியலின் 20 டிகிரியிலிருந்து மே நண்பகலின் 40 டிகிரிக்குப் போனால் வெப்பம் இரட்டித்ததாக உடம்பு சொல்லும். வாயுவின் பருமன் ஏழு சதவீதம்கூட ஏறியிருக்காது. திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் படியேறுபவர் ஏறத்தாழ 83 மீட்டர் உயர்கிறார். அதற்குள் காற்றழுத்தம் ஒரு சதவீதம், பாதரசத்தில் ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மூச்சு வாங்குவது படிகளால், அழுத்தத்தால் அல்ல. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தெரிவதும் கணக்கின் பகுதிதான்.

தள்ளப்படுபவை எல்லாம் ஒரே எடை உள்ளவையும் அல்ல. நல்லியல்பு என்ற அனுமானத்தைப் பற்றி வகுப்பில் நிறையப் பேசப்படுகிறது. வான்டர்வால்ஸ் சமன்பாடு நெடுவினாவாக வருகிறது. ஆனால் பூஜ்ய டிகிரியில், ஒரு வளிமண்டலத்தில், கார்பன் டை ஆக்சைடின் உண்மையான மோலார் பருமன் 22.26 லிட்டர், 22.4இலிருந்து விலகல் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பள்ளி ஆய்வகத்தின் அளவுக்குழாய் அதைவிடப் பெரிய பிழை செய்யும். அதே ஆய்வகத்தில் துத்தநாகத் துண்டுகளின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, ஹைட்ரஜனைத் தண்ணீரைக் கீழிறக்கிச் சேகரிக்கும்போது ஜாடிக்குள் நீராவியும் சேர்கிறது. 40 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 55 மில்லிமீட்டர். மொத்த 760இல் ஏழு சதவீதம். மலையில் 22 டிகிரியில் அது 20 மில்லிமீட்டர். 685இல் மூன்று சதவீதம்தான். டால்டனின் பகுதி அழுத்த விதியை மறந்தவருக்குக் கோடைகாலத் திருச்சியில் தண்டனை பெரிது, மலையில் சிறிது. நல்லியல்பு பற்றிய பெரிய கவலையை வைத்துக்கொண்டு நீராவியைக் கவனிக்காமல் விடுவது விசித்திரமான முன்னுரிமை.

சுண்ணாம்புக்கல் கணக்கு இந்தப் பகுதிக்கு அன்னியமில்லை. 10 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் திட்ட நிலையில் எத்தனை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு? 2.24 லிட்டர் என்பது மனப்பாடம். 1939 முதல் சிமெண்ட் ஆலை இயங்கும் டால்மியாபுரத்தில் இதே வினை டன் கணக்கில் நடக்கிறது. அங்கே சூளைக்குள் வாயு பிறக்கும் வெப்பநிலை 900 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு மோலின் பருமன் 96 லிட்டர். 2.24 லிட்டர் என்ற அளவில் அந்த வாயு சூளையில் எங்கும் இருந்ததில்லை. அது குளிர்ந்து, காய்ந்து, தனித்துக் கிடந்தால் எவ்வளவு இருக்கும் என்ற பேரேட்டுக் கணக்குத்தான் திட்ட நிலை. இன்னொன்று: பூமியிலிருந்து எடுத்த கல்லில் களிமண்ணும் சிலிக்காவும் கலந்திருக்கும். ஆலை ஆய்வகத்தில் அரைத்த மாவை அளவறிந்த அமிலத்தில் கரைத்து, மிஞ்சிய அமிலத்தைக் காரத்தால் தரம்பார்த்து, அதிலிருந்து கார்பனேட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். பாடநூல் ‘80 சதவீதத் தூய்மை’ என்று ஒரே சொற்றொடரில் தந்துவிடுவது அங்கே ஒரு வேலை நாளின் முதல் வேலை.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் தேர்வில் நேரம் போதாது என்பது நியாயமான எதிர்வாதம். 2024இல் பச்சைமலையின் அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜே.இ.இ. எழுதித் தேறி, திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப்பொறியியலில் இடம் பெற்றது செய்தித்தாள்களில் வந்தது. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தை மலையின் பிள்ளைகள் எட்டுவதற்கு இத்தனை காலம் ஆயிற்று என்பது வேறு கட்டுரைக்கான பொருள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வாசலைத் திறப்பது 27 டிகிரிக் கணக்குகள்தான் என்பது. கேள்விக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்காத இடத்தில், தீர்மானங்களை முன்கூட்டியே எடுத்துவைத்துத் தருவது ஒரு வகையில் நீதி: சமவெளிப் பிள்ளைக்கும் மலைப் பிள்ளைக்கும் ஒரே வளிமண்டலம். அந்த நீதியைக் குறைசொல்வதற்கில்லை. அது முடிந்த பிறகு, வேதிப்பொறியியலின் முதல் ஆண்டில் அதே தீர்மானங்களைத் திரும்பத் தானே எடுக்கச் சொல்வார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

கரைசல் கணக்குகளில் மறைந்திருக்கும் அனுமானம் இன்னும் எளியது: போட்டது எல்லாம் கரைந்துவிட்டது. 10 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடை நீரில் இட்டு ஒரு லிட்டராக்கினால் மோலாரிட்டி என்ன என்று கேட்டால், 74ஆல் வகுத்து 0.135 என்று எழுதிவிடலாம். நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி வைத்தவர் எவரும் அதை நம்பமாட்டார். அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அறை வெப்பநிலையில் லிட்டருக்கு 1.7 கிராம் அளவுக்குத்தான் அது கரையும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் மோலாரிட்டி 0.023 மட்டுமே, பத்து கிராம் போட்டாலும் நூறு கிராம் போட்டாலும். சூடாக்கினால் கூடக் கரையும் என்ற பொது அறிவும் இங்கே உதவாது. சுண்ணாம்பின் கரைதிறன் சூட்டில் குறைகிறது. இவ்வளவு குறைவாகக் கரைவதுதான் வேறொரு விதத்தில் மிக அதிகம். ஆரத்தித் தட்டின் மஞ்சள் நீரில் விரல் நுனிச் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதற்கு பி.எச். மதிப்பு எட்டைத் தாண்டி ஒன்பதை நெருங்கினால் போதும். தூய நீர் என்று பிடித்துக்கொண்டால் அதற்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம் சுண்ணாம்புகூடத் தேவையில்லை. காவிரித் தண்ணீரிலோ ஸ்ரீரங்கத்துக் கிணற்று நீரிலோ கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் முதலில் சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் அதைவிடப் பல மடங்கு போட வேண்டியிருக்கும். கணக்கில் ‘நீர்’ என்ற சொல் எப்போதும் தூய நீர்தான். குடத்தில் இருப்பது அப்படியில்லை.

கரைந்த ஆக்சிஜனின் கணக்கில் மலையும் சமவெளியும் மறுபடி எதிரெதிராக இழுக்கின்றன. குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும். ஹென்றி விதிப்படி அழுத்தம் குறைந்தால் குறைவாகக் கரையும். சமவெளியில் 30 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். பச்சைமலையின் 22 டிகிரி நீர் கடல் மட்டத்தில் இருந்திருந்தால் 8.7 தாங்கியிருக்கும், 0.90 வளிமண்டலத்தில் அது 7.9 ஆகிறது. அங்குள்ள மங்களம் அருவி நீரின் புத்துணர்ச்சிக்கு ஆக்சிஜன் காரணம் என்று எழுதும் சுற்றுலாத் துண்டறிக்கைக்காரர்கள் இந்த 0.3 மில்லிகிராமைப் பார்த்தால் வேறு காரணம் தேடுவார்கள்.

வினைபடுதிறன் வரிசைக்கு வரும்போது கணக்கு பெரும்பாலும் எண்ணை விட்டுவிட்டு ‘நடக்குமா, நடக்காதா’ என்று கேட்கிறது. பொட்டாசியம், சோடியம் என்று தொடங்கித் தங்கத்தில் முடியும் அந்தப் பட்டியல் மனப்பாடத்துக்கு ஏற்றது, அதனாலேயே ஆபத்தானது. வரிசைப்படி அலுமினியம் துத்தநாகத்துக்கு மேலே. அமிலத்தில் போட்டால் அலுமினியம் முந்த வேண்டும். ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு கொதித்தும் பாத்திரம் பல வருடம் உழைக்கிறது. மேலே படிந்திருக்கும் ஆக்சைடுப் படலம் உலோகத்தைத் தொடவிடுவதில்லை. மிகத் தூய துத்தநாகம் அமிலத்தில் சோம்பிக் கிடக்கும். ஒரு சொட்டு மயில்துத்தக் கரைசல் விட்டால் குமிழ்கள் பொங்கும். வினை முடிந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி பதில் சொல்லும். எப்போது முடியும் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை, பட்டியலிடமும் இல்லை.

தாமிரம் ஹைட்ரஜனுக்குக் கீழே. ஆகவே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தாமிரத்தைக் கரைக்காது. விதி சரி. பித்தளைப் பாத்திரத்தில் புளித் தண்ணீரை இரவு முழுக்க வைத்தால் களிம்பேறும் என்பதும் சரி, எந்தப் பாட்டிக்கும் தெரியும். இரண்டுக்கும் இடையில் இருப்பது காற்று. அமிலம் தனியாகத் தாமிரத்தைக் கரைப்பதில்லை. காற்றின் ஆக்சிஜன் தாமிரத்தை ஆக்சிஜனேற்றம் செய்ய, அமிலம் அதை எடுத்துக்கொண்டு போகிறது. கேள்வித்தாளில் முகவை திறந்திருந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவருக்கு இந்த வேதியியல் முழுவதும் கைவசம். அடுப்பில் காய்ந்த பித்தளையின் மேல் நவச்சாரத்தூளைத் தூவுகிறார். அமோனியம் குளோரைடு சூட்டில் அமோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடுமாகப் பிரிய, அமில வாயு உலோகத்தின் ஆக்சைடுத் தோலை உரித்துவிடுகிறது. மேலே போனதும் இரண்டும் மறுபடி சேர்ந்து வெண்புகையாகின்றன. அந்த நொடியில் உருகிய வெள்ளீயத்தைத் துணியால் வழித்தால் அது ஒட்டுகிறது. இதே அமோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும்தான் நீண்ட கண்ணாடிக் குழாயின் இரு முனையிலிருந்து புறப்பட்டு வெள்ளை வளையமாகச் சந்திக்கும் கிரகாம் விதிக் கணக்கின் இரு பாத்திரங்கள். 36.5ஐ 17ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேக விகிதம் 1.47. குழாயில் அளந்தால் அவ்வளவு வருவதில்லை, ஏனென்றால் குழாய் காலியாக இல்லை. நடுவே காற்று நிற்கிறது. காவிரிக்கரைச் சமையலறைகளில் ரசத்துக்கென்றே இருக்கும் ஈயச்சொம்பும் இதே வெள்ளீயம்தான். வரிசையில் அது ஹைட்ரஜனுக்கு மேலே, எனினும் புளியில் கரைவது மிக மெதுவாக. அதற்கு உண்மையான எதிரி நெருப்பு: 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது. வற்றவிட்டால் சொம்பு போயிற்று.

வாயு, கரைசல், வினை மூன்றும் ஒரே பானையில் கூடும் கணக்கு ஒன்று பச்சைமலையில் விளைகிறது. இப்பகுதியில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிதான் மலையாளிப் பழங்குடி மக்களின் முக்கியப் பயிர்களில் ஒன்று. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது அது. கிழங்குக்குள் லினமரின் என்ற சேர்மம் இருக்கிறது. கிழங்கை வெட்டினாலோ அரைத்தாலோ, வேறு அறையில் அடைபட்டிருந்த நொதி அதைச் சந்தித்து உடைக்க, அசிட்டோனும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகின்றன. ரகத்தையும் மண்ணையும் மழையையும் பொறுத்துக் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராமிலிருந்து பல நூறு மில்லிகிராம் சயனைடு வரை கிடைக்கும். வறட்சியில் கூடும், தோலில் அதிகம். கிலோவுக்கு 54 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் சயனைடின் மோலார் நிறை 27 என்பதால் இரண்டு மில்லிமோல் என்று முழுசாக வரும். சௌகரியம் தேடும் புத்தி எங்கேயும் போவதில்லை. மலையின் மோலார் பருமனில் அது 54 மில்லிலிட்டர் வாயு. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை 26 டிகிரி என்று படித்த மாணவர், அறை வெப்பநிலையிலேயே எல்லாம் பறந்துவிடும் என்று முடிவுகட்டுவார். தூய திரவத்துக்குத்தான் அந்தக் கொதிநிலை. பானையில் இருப்பது லட்சத்தில் சில பங்காகக் கரைந்த சயனைடு. அது வெளியேறுவது கரைதிறனையும், நீராவி போகும் வழியையும், மூடி திறந்திருக்கிறதா என்பதையும் பொறுத்தது. வினைப்பகுதியில் இன்னொரு மறைவு. முழுக் கிழங்கைக் கொதிநீரில் போட்டால் சூட்டில் நொதி செயலிழக்கிறது. லினமரின் சூட்டுக்கு அசைவதில்லை, உடையாமல் நீரில் கரைந்து நிற்கிறது. ஆக வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுவதுதான் வேலையைச் செய்கிறது, கொதிப்பது அல்ல. அரைத்து ஊறவைத்தால் நிலைமை தலைகீழ்: நொதி உயிரோடு இருக்கிறது, உடைக்கிறது, சயனைடு நீரோடும் காற்றோடும் போகிறது. ஜவ்வரிசி ஆலையில் மாவு தேறுவது இப்படித்தான். சயனைடின் பெரும்பங்கு கழிவுநீரில் இறங்குகிறது. உண்ணும் மரவள்ளி மாவுக்குக் கோடெக்ஸ் தரம் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 54இலிருந்து 10க்கு வருவதற்கான சமன்பாட்டை ஒரு வரியில் சமன்செய்துவிடலாம். எத்தனை துண்டாக நறுக்கினார்கள், எத்தனை நேரம் ஊறியது, தண்ணீரை எத்தனை முறை மாற்றினார்கள் என்பவை சமன்பாட்டில் எழுதும் இடமில்லாதவை.

மரவள்ளி இலையைத் தின்ற ஆட்டின் கணக்கிலும் இதே நிலைமைதான். உடல் எடை கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவில் ஹைட்ரஜன் சயனைடு உயிரைப் பறிக்கும் என்பது கால்நடை நூல்களில் வழங்கும் அளவு. 20 கிலோ ஆட்டுக்கு 40 மில்லிகிராம், ஏறத்தாழ 1.5 மில்லிமோல். மாற்றுமருந்து சோடியம் தயோசல்பேட்; ஒரு மோல் தயோசல்பேட் ஒரு மோல் சயனைடுக்குத் தன் கந்தக அணுவைக் கொடுத்து, தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றுகிறது. ஒன்றுக்கு ஒன்று. ஹைப்போ எனப்படும் அதன் படிகத்தின் மோலார் நிறை 248, வேண்டியது 0.37 கிராம். பதினொன்றாம் வகுப்பில் இந்த விடைக்கு முழு மதிப்பெண். கால்நடை மருத்துவர் ஊசியில் ஏற்றுவது இதைப்போலப் பல மடங்கு, கிராம் கணக்கில். செலுத்திய மருந்தில் ஒரு பகுதி சிறுநீரில் போய்விடும். ஒரு பகுதி திசுக்களுக்குள் நுழையாமல் இரத்தத்திலேயே சுற்றும். கந்தகத்தைக் கைமாற்றிவிடும் நொதிக்கு ஒரு வேகம் உண்டு, அந்த வேகத்தைக் கூட்டத் தயோசல்பேட்டின் செறிவு தேவைக்கு மிஞ்சி நிற்க வேண்டும். இலை இன்னும் இரைப்பையில் கிடந்து சயனைடை விட்டுக்கொண்டிருக்க, ஆட்டுக்கு மிஞ்சியிருப்பது சில நிமிடங்கள்.